பெயர் தெரிந்த ஐந்நூறு ரூபாய்

கை இறுகும் காலத்தில் ஒரு சிறு டிரஸ்டைத் தாங்குகிறவர்கள் ஏற்கெனவே கொடுத்தவர்கள்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாலை வகுப்பு, முதியோர் இல்லம், மதியச் சாப்பாடு என்று நடத்தும் அமைப்புகளின் இணையவழி வசூலைக் கவனிக்கும் வேலையில் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது. அவர்களிடம் மறுபடி கேட்க, கொடுத்தது யார் என்று தெரிய வேண்டுமே! ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

நகரத்தார் எனும் செட்டியார் சமூகத்தின் கோயில்களுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகிய சீமை இது. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. யார் கட்டினார், யார் பாக்கி என்பது ஏட்டில் இருக்கும். க்யூஆர் அட்டை வந்ததும் அந்த ஒழுங்கு பல இடங்களில் நழுவிவிட்டது. யுபிஐயில் 500 ரூபாய் விழுந்தால் பாஸ்புத்தகத்தில் ஒரு பெயரும் ஒரு ஐடியும் வரும், அவ்வளவுதான். முகவரியோ பான் எண்ணோ வராது. கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்க வழி செய்யும் 80ஜி அனுமதி பெற்ற அமைப்பு, 2021-22 முதல், கொடுத்தவர்களின் பட்டியலை அடையாள எண்ணோடு ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். பிந்தினால் நாளுக்கு 200 ரூபாய். பெயர், முகவரி இல்லாத நன்கொடை 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. கோயில் திருப்பணி போல முழுக்க சமயப் பணி செய்யும் அமைப்புக்கு இந்த வரி கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் உண்டு.

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் படிவம், அதை நிரப்பினால் க்யூஆர். பெயர், கைபேசி, முகவரி, பான், குடியுரிமை: ஐந்து கேள்வி போதும். கணக்கு டிரஸ்டின் பெயரில் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது.

குடியுரிமையைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். செட்டிநாட்டில் இதைக் கேட்காமல் முடியாது. பாதி உறவு சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், காரைக்குடி வங்கிக் கிளையிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும்; பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். சிறிய இல்லங்கள் பலவற்றுக்கு அது எட்டாது. இங்குள்ள மைத்துனர் கணக்கில் போட்டு அவர் பெயரில் கொடுக்கச் சொல்வதும் சட்டப்படி அதே வெளிநாட்டுப் பணம்தான். "மன்னிக்கணும் அண்ணே, உங்ககிட்ட வாங்க எங்களுக்குப் பதிவு இல்ல" என்று சொல்லிவிடுவதே மரியாதை. சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வருகிறவர்கள் உண்டியலைத் தேடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

தொகையைக் கணக்கிலிருந்து கேளுங்கள். 40 பிள்ளைகள், தலைக்கு 45 ரூபாய் என்றால் ஒரு நாள் சாப்பாடு 1,800. மாதம் 26 நாளுக்கு 46,800. மாதம் 500 கொடுக்க 94 பேர் இருந்தால் அடுப்பு எரியும். அறுபதாம் கல்யாணம், நினைவு நாள் என்று ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கொடுப்பவர்கள் தனி. அந்தப் பணத்தை நம்பி மாதச் செலவை ஓட்டக் கூடாது. விசேஷம் சிறுத்தால் முதலில் நிற்பது அதுதான்.

வரிச் சலுகையை முன்வைத்துக் கேட்பது இப்போது அவ்வளவாக எடுபடாது. 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பு முறை. அதில் 80ஜி கழிவு இல்லை. பிள்ளைகள் முகத்தைக் காட்டிக் கேட்பதோ கூடவே கூடாது. பராமரிப்பில் உள்ள சிறார்களின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, தடுக்கிறது. அந்த மாதத்து அரிசிக் கடை பில்லைப் படமெடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ரசீது அனுப்பும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

மாத நன்கொடைக்கு, குறித்த தேதியில் பணத்தைத் தானாகப் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபே தோதானது. 15,000 ரூபாய்க்குள் ஒவ்வொரு முறையும் பின் எண் போட வேண்டியதில்லை. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே கொடுப்பவருக்குத் தகவல் போய்விடும். தேதியை 5க்கும் 7க்கும் நடுவில் வையுங்கள். 20க்கு மேல் வைத்தால் கணக்கில் இருப்பு இல்லாமல் திரும்பும். இரண்டு முறை திரும்பினால் கூச்சத்தில் அவர் ரத்தே செய்துவிடுவார். ஆகவே முதல் முறை திரும்பியதுமே போன் பண்ணுங்கள். பணம் கேட்க அல்ல. தொகையை 200 ஆக்கலாம், செயலியிலேயே சில மாதம் நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது என்று சொல்ல. நிறுத்திவைத்தவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். அரிசி பில் அவருக்கும் மாதாமாதம் போகட்டும். நினைவூட்டல் மட்டும் அவரே சொன்ன மாதத்தில், ஒரே தடவை.