இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு பெட்ரோல் தொட்டி

முதல் உலகப் போர்க்கால விமானங்களின் படங்கள் கண்ணில் படும்போதெல்லாம் நான் முதலில் கவனிப்பது இருக்கைகளைத்தான். ஏர்கோ டிஎச்.4 என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் விமானி முன்னால் இறக்கைக்கு அடியில் அமர்ந்திருப்பார். துப்பாக்கியோடு காவல் காக்கும் நோக்கர் வெகுவாகத் தள்ளிப் பின்னால் இருப்பார். இடையில் இருந்தது பெட்ரோல் தொட்டி.

இதை வடிவமைத்த ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குண்டு போடும்போது விமானிக்குக் கீழே தரை தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் இருப்பவர் துப்பாக்கியைத் தடையின்றிச் சுழற்ற வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் இந்த அமைப்பு நிறைவேற்றியது. 1916 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்து, 1917 மார்ச்சில் 55ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவுடன் பிரான்சுக்குச் சென்ற இந்த விமானம், ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் என்ஜினின் வலிமையால் எதிரியின் போர் விமானங்களுக்கே எளிதில் பிடிபடாத வேகத்தைக் கொண்டிருந்தது. ஆனால் எதிரி துரத்தி வரும் நேரத்தில் இருவரும் ஒரு பேச்சுக் குழாயை நம்பித்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. என்ஜின் இரைச்சலில் அது பெரிதாக உதவவில்லை. நடுவே பெட்ரோல் தொட்டி இருந்த இந்த விமானத்துக்கு அமெரிக்கர்கள் 'எரியும் சவப்பெட்டி' என்று பெயர் சூட்டினார்கள். அது சற்று மிகையான பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் 1918 ஆகஸ்ட் 5 இரவில், இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரைக்கு அப்பால் எல்70 என்ற ஜெர்மன் செப்பலின் வான்கப்பலை வீழ்த்தியது ஒரு டிஎச்.4தான். அதை ஓட்டியவர் சாக்லேட் குடும்பத்தைச் சேர்ந்த எக்பர்ட் கேட்பரி. பின்னிருக்கையிலிருந்து சுட்டவர் ராபர்ட் லெக்கி. ஜெர்மன் கடற்படை வான்கப்பல்களின் தலைவரான பீட்டர் ஸ்ட்ராசரும் அதில் மாண்டார்.

அடுத்து வந்த டிஎச்.9இல் விமானியைப் பின்னுக்கு நகர்த்தி, நோக்கரின் அருகிலேயே உட்கார வைத்தார்கள். பேச்சுப் பிரச்சினை தீர்ந்தது, என்ஜின் காலை வாரியது. 300 குதிரைத்திறன் தரும் என்று எதிர்பார்க்கப்பட்ட பூமா என்ஜின் 230க்கு இறங்கிவிட, புதிய விமானம் பழையதைவிட மந்தமாகிப்போனது. 400 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்க லிபர்ட்டி என்ஜினைப் பொருத்திய டிஎச்.9ஏ வந்த பிறகே அந்தக் குறை நீங்கியது.

போருக்குப் பின் உபரியான டிஎச்.9 விமானங்கள் சில பிகானேர் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்தன. பல பத்தாண்டுகள் கழித்து அவற்றின் மிச்சங்கள் அரண்மனையின் பழைய யானைக் கொட்டிலில் கண்டெடுக்கப்பட்டன. சீரமைக்கப்பட்ட ஒன்று இன்று இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, இன்னொன்று 2019இல் மீண்டும் வானேறியது.