ஒரு குழி செவ்வாய் மண்ணைக் கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

செவ்வாயில் குடியிருப்பு என்றால் எல்லோரும் சுவரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் கல்மேல் கல் அமர்ந்து, பாரம் கீழே இறங்குவதால் நிற்கிறது. செவ்வாயில் வெளிக்காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே பூமியின் அழுத்தத்தை வைத்தால் சுவரின் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 960 கிலோ பாரம் வெளியே தள்ளும். கல்லும் செங்கல்லும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேலே மண் கொட்டி மட்டும் சமன் செய்வதென்றால், அங்குள்ள 38 சதவீத ஈர்ப்பில் 60 அடி மண் வேண்டும். எனவே உள்ளே உலோகக் கூடு, கதிர்வீச்சுக்காக மேலே சில மீட்டர் மண். கதவு உள்பக்கம்தான் திறக்க வேண்டும். 3 அடிக்கு 7 அடிக் கதவை 20 டன் அழுத்தம் சட்டத்தோடு இறுக்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் விடை இருக்கிறது. எனக்குக் கவலை உள்ளே பயிர் வைக்கப்போகும் மண்தான்.

2008இல் நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. எடையில் அரை சதவீதம் அளவுக்கு. தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். வேர் வழியே ஏறி இலையில் சேரும் என்பதால் கீரைதான் முதல் ஆபத்து. ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். அப்படியானால் இது உவர் நிலத்தை மீட்கிற வேலைதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து வயல்களில் வரப்பு போட்டு, நல்ல தண்ணீர் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்களே, அதே வேலை.

நில அளவில் ஒரு குழி, அதாவது 12க்கு 12 அடி, ஓரடி ஆழம்: சுமார் 6 டன் மண். அதில் 30 கிலோ பெர்குளோரேட். ஓரடி மண்ணுக்கு ஓரடி தண்ணீர் விட்டால் ஐந்தில் நான்கு பங்கு உப்பு இறங்கும் என்பது உவர் நிலத்தில் பழகிய கணக்கு. 4,000 லிட்டரில் 24 கிலோ போய்விடும். உப்பு குறையக் குறையக் கழுவுவதும் மந்தமாகும்: அடுத்த 4,000 லிட்டரில் 3 கிலோதான் போகும். மிச்சம் 3 கிலோ, கிலோ மண்ணுக்கு அரை கிராம். கீரைக்கு அதுவும் அதிகம்.

டெல்டாவில் வடிகால் இல்லாமல் தண்ணீரை மட்டும் கட்டினால் வெயிலில் உப்பு திரும்ப மேலே பூக்கும். செவ்வாயில் வடிகால் இன்னும் சிக்கல். குறைந்த ஈர்ப்பில் தண்ணீர் 38 சதவீத வேகத்தில்தான் இறங்கும்; மண்ணின் நுண்துளைகளில் 2.6 மடங்கு உயரத்துக்கு ஏறி நிற்கும். ஓரடிப் பாத்தி அடிவரை சேறாகவே கிடக்கும், வேர் அழுகும். அடியில் ஜல்லி பரப்பலாம் என்று தோன்றும். கூடாது. பொடி மண்ணிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது, மேலேயே தங்கிவிடும். நுண்துளையுள்ள சுடுமண் குழாய்களைப் பதித்து, பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். எல்லாமே கூட்டுக்குள்தான், வெளியே தண்ணீர் உறையும், இல்லாவிட்டால் ஆவியாகும்.

வடித்த தண்ணீரை விட அங்கே கடல் இல்லை. ஆர்.ஓ. வழியாகத் தண்ணீரை மீட்டால் அடர்ந்த உப்புநீர் மிஞ்சும். பெர்குளோரேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சாதாரண குளோரைடாக்கும். அவற்றுக்குத் தீனியாகச் செடிக்கழிவின் சாறு போதும். அதுவரை அந்த உப்புநீரைக் காயவிடக் கூடாது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் திட எரிபொருளை எரியவைப்பதும் ஒரு பெர்குளோரேட் உப்புதான். காய்ந்த உப்பு வைக்கோலோடு கலந்து கிடந்தால் ஒரு தீப்பொறி போதும்.