ஒற்றைக்கல்லுக்கு ஓர் இணை: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 3

ஒற்றைக்கல் மோதிரம் வந்தது. அதோடு சேர்த்துப் போட ஒரு வைர வளையம் வேண்டுமாம். 18 காரட் வெள்ளைத் தங்கம். வட்டக் கல் 1.02 காரட், குறுக்களவு 6.5 மி.மீ., நிறம் ஜே (மிக வெள்ளையான டி-யில் தொடங்கி மஞ்சளை நோக்கி இறங்கும் எழுத்து வரிசையில்), கல்லைப் பிடிக்க ஆறு நகம். வளையத்தின் அகலம் தோளில், அதாவது கல்லுக்குப் பக்கத்தில், 2.1 மி.மீ., அடியில் 1.8. இந்த அகலத்தை மட்டும் குறித்துக்கொண்டு வைர வளையம் செய்ய உட்கார்ந்தால் வேலை கெட்டது. மோதிரத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கல்லைத் தாங்கும் கூடை விரலை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. இணை வளையத்தின் கனம் 1.8 என்றால், அந்த உயரத்தில் கூடையின் அகலம் 4.4. அதில் 2.1-ஐக் கழித்துப் பாதியாக்கினால் ஒரு பக்கத்துக்கு 1.15 துருத்தல். நேரான வளையம் அங்கே போய் முட்டும்.

ஜூன் 4

1.15.

ஜூன் 5

நேரான பித்தளை வளையம் ஒன்றைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாயிற்று. விரலின் மேல்பக்கம் இடைவெளி, உள்ளங்கைப் பக்கம் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே வளையம் சாய்கிறது. சாய்ந்த வளையத்தில் வைரங்கள் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். இடையில் ஒரு மெல்லிய வெற்று வளையம் போட்டால் இரண்டும் இணையாக நிற்கும். ஆனால் விரலில் மூன்று மோதிரம் ஆகிவிடும். கூடையை மாற்றி உயர்த்தலாம். உயர்ந்த கல் துணியிலும் கதவிலும் மாட்டும். அதற்காகத்தானே தாழ்வாக வைத்திருக்கிறார்கள்! வளையத்தில் பள்ளம் அறுத்தால் அந்த இடத்தில் கல் வைக்க முடியாது. மிச்சம் வளைவுதான். கூடையைச் சுற்றிப் போகும் மெல்லிய வளைவு, ஆழம் 1.25. அந்த 0.1 உரசாமல் இருக்க. ஒற்றைக்கல்லைக் கழற்றிவிட்டு இதை மட்டும் போட்டால் வளைவு தனியாகத் தெரியும். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 8

இன்று முழுக்க நிறம்தான். சின்னக் கல் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் எங்கிருந்துதான் வருகிறதோ. டி, இ நிறக் கற்களை வரிசையாக அடுக்கி நடுவில் இந்த ஜே கல்லை வைத்தேன். அதுவரை வெள்ளையாகத் தெரிந்த பெரிய கல் அந்த நொடியில் மஞ்சளடித்துவிட்டது. பாவம், கல் மாறவில்லை, அக்கம்பக்கம்தான் மாறியது. ஹெச், ஐ கற்களை அடுக்கியதும் அமைதியாகிவிட்டது. பெரிய கல்லோடு ஒன்றிரண்டு படிக்குள் நிற்பதே சரி. இன்னொன்று: 57 பட்டை வெட்டிய முழு வெட்டுக் கல்லாக இருக்க வேண்டும். 17 பட்டை வெட்டு பழைய நகைக்கு அழகு. இந்தப் பெரிய கல்லின் மின்னலோடு அது சேராது.

ஜூன் 9

26-ஆம் தேதி வேண்டுமாம்.

ஜூன் 11

கல் கணக்கு மாறியது. முதலில் 1.7 மி.மீ. கல் 17, கல்லுக்கு 2 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்), பக்கச் சுவர் இல்லாமல். மேலிருந்து பார்க்க அதுதான் அழகு. ஆனால் சுவர் இல்லாவிட்டால் கல்லின் இடுப்பு விளிம்பு வெளியே தெரியும். வைரத்துக்குப் பக்கத்தில் தங்கம் எம்மாத்திரம்? விரல் மடங்கும்போதெல்லாம் அந்த விளிம்பு அரம் போல ஒற்றைக்கல்லின் வளையத்தை அறுக்கும், கூடையையும் விடாது. சில வருடத்தில் பள்ளம் கண்ணுக்கே தெரியும். அதனால் இரு பக்கமும் 0.3 சுவர். மொத்த அகலம் 2.1-ஐத் தாண்டக் கூடாது என்பதால் கல் 1.5-க்கு இறங்குகிறது. ஒன்றரை சென்ட் கல் 19. ஒற்றைப்படையாக இருப்பது நல்லது, நடுக்கல் பெரிய கல்லுக்கு நேரே வரும். பாதிச் சுற்று மட்டுமே கல். முழுச் சுற்றும் பதித்தால் பிறகு அளவு கூட்டவோ குறைக்கவோ இடமிருக்காது.

ஜூன் 12

இரண்டையும் பற்றவைத்து ஒன்றாக்கலாமா என்று மறுபடியும் கேள்வி. வேண்டாம். பிறகு ஒன்றுக்கு அளவு மாற்ற வேண்டுமென்றால் இரண்டையும் அறுக்க வேண்டும்.

ஜூன் 15

வார்ப்புக்கு முன் ரெசினில் செய்த மாதிரி வளையம். இடைவெளி சீராக 0.1. மனசு நிறைந்தது.

அளவு மட்டும் இடிக்கிறது. ஒற்றை மோதிரத்துக்கு எடுத்த அளவிலேயே இரண்டைப் போட்டால் இறுகும், அகலம் கூடினால் பிடிப்பும் கூடும். மோதிர அளவில் கால் எண் கூட்டியாயிற்று. காலையில் மட்டும் அளந்து முடிக்கக் கூடாது. மாலையில் விரல் வீங்கும். வளைந்த வளையம் சுழன்றால் வளைவு கூடையை விட்டு விலகிவிடும், அதனால் அடிப்பகுதியின் உள்ளே இரண்டு சின்னக் குமிழ்.

ஜூன் 17

ஒற்றைக்கல்லின் அடிப்பக்கம் ரோடியம் பூச்சு (தங்கத்தை வெள்ளையாகக் காட்டும் உலோகப் பூச்சு) தேய்ந்து உள் நிறம் தெரிகிறது. லேசான மஞ்சள். நிக்கல் கலந்த தங்கமாகத்தான் இருக்கும். பல்லேடியம் கலந்தது சாம்பல் பக்கம் சாயும். புதிய வளையத்துக்கும் அதே மாதிரிக் கலவை போட்டால், பூச்சு போன பிறகும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிளாட்டினம் கேட்டார்கள். பிளாட்டினத்துக்குப் பூச்சு வேண்டாம். நாளடைவில் அது மங்கிய வெண்சாம்பலாகும், இது மஞ்சளாகும். ஜோடி பிரிந்துவிடும். நிக்கல் சிலர் தோலுக்கு ஆகாது. கேட்டேன், பழைய மோதிரத்தால் அரிப்பு வந்ததில்லையாம்.

ஜூன் 20

வார்ப்பு வந்தது. உள்வளைவில் மெருகு போட்டதில் 0.15 போய்விட்டது. 0.1 இருந்த இடத்தில் இப்போது 0.25. ரெசினிலேயே அதைக் கூட்டி வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 21

0.25. தூக்கம் இல்லை.

ஜூன் 22

கல் பதிப்பதற்கு முன்பே, வளைவின் இரு தோள்களையும் மெல்ல உள்ளே தட்டியதில் இடைவெளி 0.15-க்கு வந்தது. பதித்த பிறகு தட்டியிருந்தால் கல் ஆடும், விளிம்பு உடையும்.

ஜூன் 24

19 கல்லும் உட்கார்ந்தன. பத்து மடங்கு லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழாவது கல் ஒரு மயிரிழை உயரம். எடுத்து, குழியை ஆழப்படுத்தி மறுபடி பதித்தாயிற்று. நாளை பழையதையும் புதியதையும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில் ரோடியம்.