உயிரியல் படித்தவர்கள் வணிகச் சட்டத் தாளை எழுதுவது எப்படி?

பி.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ முடித்துவிட்டு எம்.பி.ஏ. சேருகிறவர்களை முதல் வருடம் மிரட்டுவது வணிகச் சட்டம். ஒப்பந்தச் சட்டம் 1872, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, சரக்கு விற்பனைச் சட்டம் 1930, கம்பெனிகள் சட்டம் 2013 என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் பி.காம். முடித்தவர் இதையெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். ஆனாலும் உயிரியல்காரர்களுக்கு இந்தத் தாள் நன்றாகவே கைவரும். நானும் தாவரவியல் முடித்துத்தான் இதை எழுதினேன். எனக்குக் கைகொடுத்தது ஸ்பாட்டர் பழக்கம், அதாவது செய்முறைத் தேர்வில் வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து அது என்னவென்று காரணத்தோடு சொல்லும் பழக்கம்.

செய்முறைத் தேர்வை நினைத்துப் பாருங்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடு. வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் உறை இருக்கிறது, நடுவில் பித் என்று தனியாக எதுவும் இல்லை. 'ஒருவித்திலைத் தாவரத் தண்டின் குறுக்குவெட்டு' என்று எழுதி, கீழே இந்த அடையாளங்களைக் காரணமாகக் காட்டுகிறோம். பெயரை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடைக்காது. சட்டத் தாளின் ப்ராப்ளம் கேள்விக்கும் இதே ஒழுங்குதான்: கண்ணில் படும் அடையாளம் எது, அது எந்தப் பிரிவுக்குள் வரும், அதனால் முடிவு என்ன.

ஓர் உதாரணம். 17 வயதுப் பையன் தன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறான். கொடுத்தவர் வழக்குப் போட்டால் ஜெயிப்பாரா? 'பையன் செய்தது தப்பு' என்று நியாயம் பேச ஆரம்பித்தால் பதில் கெட்டுவிடும். அடையாளம் 17 என்ற எண். ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி கிடையாது. மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றம்), மைனரின் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. ஆகவே அடமானமும் செல்லாது. பிரிவு, வழக்கு, முடிவு மூன்றும் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும்.

கேள்வி எடுப்பவர் இதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றுவார். கடனுக்குப் பதில் அந்தப் பையனுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்தார் என்று வந்தால் 68-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும்; அத்தியாவசியப் பொருளுக்கான பணத்தை மைனரின் சொத்திலிருந்து பெறலாம், அவனைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க முடியாது. அதனால் கேள்வியை இரண்டு தடவை படியுங்கள். வயது, தேதி, உறவுமுறை மூன்றையும் பென்சிலால் அடிக்கோடிட்டுவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

கைடுகளை மட்டும் நம்பாதீர்கள். 'இந்தியா கோட்' தளத்தில் சட்டத்தின் மூலப் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தில் பல பிரிவுகளுக்குக் கீழே ஏ, பி என்ற ஆட்களை வைத்துச் சின்னச் சின்ன உதாரணங்கள் இருக்கின்றன. 56-ஆம் பிரிவின் கீழ், மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருவதாக ஏ, பி-யிடம் ஒத்துக்கொள்கிறான். நடக்க முடியாத காரியம், உடன்பாடு செல்லாது. ஏ, பி-க்குப் பதில் ரமேஷ், சுரேஷ் என்று போட்டால் ஒரு ப்ராப்ளம் கேள்வி தயார். மூலப் பிரதியைப் படித்தவருக்கு அது பழகிய முகம்.

கால வரிசை வரும் இடங்களில் படம் போட்டுப் படியுங்கள். கிரெப்ஸ் சுழற்சியை மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் போட்டுப் பார்த்தவர்கள்தானே நாம். செக் பவுன்ஸ் பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவை ஒரு கோடாகப் போடுங்கள்: பணமில்லை என்று பேங்க் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதுவும் தவறினால் ஒரு மாதத்துக்குள் புகார். தேர்வு ஹாலில் அந்தக் கோடு அப்படியே கண்ணில் நிற்கும்.

சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்ஸ் வைத்திருந்தால் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 என்று இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு 2019 சட்டத்தைப் படியுங்கள்.

காப்புரிமை யூனிட்டைத்தான் நான் ஆசை ஆசையாகப் படித்தேன். எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை உருவாக்கிய ஆனந்த சக்ரவர்த்திக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் காப்புரிமை உண்டு என்றது. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997-இல் ரத்து செய்ய வைத்தது. ரத்தப் புற்றுநோய் மருந்தான க்ளிவெக் வழக்கு நம் ஊர் சம்பந்தப்பட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தெரிந்த மருந்தின் புதிய படிக வடிவத்துக்கு, சிகிச்சைப் பலன் கூடாவிட்டால், காப்புரிமை இல்லை என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. படிக வடிவம் மாறினால் மருந்து உடம்பில் கரைவது மாறலாம். நோயைக் குணப்படுத்தும் திறன் கூடுவது வேறு. உயிரியல் படித்தவருக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடும். பெரிய கேள்வியில் சாய்ஸ் இருந்தால் இந்த யூனிட்டைத் தயங்காமல் எடுங்கள். தீர்ப்பைச் சொல்வதோடு நிறுத்தாமல் இந்த அறிவியல் காரணத்தையும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.