ஸ்டார்-டெல்டா சார்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்த புதிதில் என்னைச் சிரிக்க வைத்தது பிளக்தான். நம் ஊரில் ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுகிற பெரிய மூன்று பின் பிளக்கை இங்கே டேபிள் லேம்பில்கூட மாட்டியிருந்தார்கள். மற்றபடி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், வயரிங்கில் சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல் எல்லாம் கை பழகினதுதான். கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. முடித்து, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வைண்டிங் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பி.இ. வாங்கியவன் நான். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது, சில வருடம் ஓடியது.

வாத்தியார் வேலைக்குப் போகச் சொன்னது மாமனார். அவர் காலத்தில் நிலைமை வேறு. எந்தத் தொழில் எந்த நிறத்தவருக்கு என்று ஒதுக்கிவைக்க 1956-ல் அரசாங்கமே சட்டம் போட்டிருந்தது. நல்ல கைத்தொழில் பலவும் வெள்ளைக்காரர்களுக்குப் போனது. மாமா பகலில் தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு, இரவில் எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜுக்குப் போய்ப் படித்தவர். மலபாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து முன்னுக்கு வந்த சுல்தான் தன் பணத்தைக் கொடுக்க, இந்தியர்களுக்கென்று 1946-ல் உருவான கல்லூரி அது. 2002-ல் இன்னொரு கல்லூரியோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

“அந்தக் காலத்துல தொழில் தெரிஞ்ச ஆளு நமக்குச் சொல்லித்தர வரமாட்டான், மாப்பிள்ளை. உங்க கையில தொழில் இருக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போங்க” என்றார்.

போவது என்றால் சும்மா போய்விட முடியாது. வெளிநாட்டுப் பட்டத்தை சாக்வா (இங்கே கல்வித் தகுதிகளைச் சரிபார்க்கிற அரசு அமைப்பு) மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். அதன் மேல் ஆசிரியர் பயிற்சிக்கான முதுநிலைச் சான்றிதழ் படிக்க வேண்டும். ஆசிரியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், போலீஸ் சான்றும் கேட்பார்கள். எனக்கு முதலில் கிடைத்தது அரசுப் பணியிடம் அல்ல. பள்ளியின் நிர்வாகக் குழு தன் நிதியிலிருந்து சம்பளம் தருகிற இடம். ஃபேக்டரியில் வாங்கியதைவிடக் குறைவு. முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது.

எட்டாம், ஒன்பதாம் கிரேடில் எல்லாப் பிள்ளைகளுக்கும் டெக்னாலஜி உண்டு. கட்டமைப்பு, பொருட்களைப் பதப்படுத்துவது, இயந்திரம், மின்சாரம் என்று நாலு பகுதி. அட்டையில் கிரேன் செய்து, இரண்டு சிரிஞ்சை ஒரு டியூபால் இணைத்துத் தண்ணீர் அழுத்தத்தில் அதைத் தூக்கவைப்பார்கள். வகுப்பில் கூட்டம் அதிகம், கத்தரிக்கோல் குறைவு. பத்தாம் கிரேடிலிருந்து எலக்ட்ரிக்கல் டெக்னாலஜியை விருப்பப் பாடமாக எடுக்கலாம். அதில் பவர் சிஸ்டம்ஸ் பிரிவு என்னுடையது. மோட்டார், ஸ்டார்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர். அப்பாடா என்றிருந்தது.

ஆனால் தொழில் தெரிவது வேறு, அதைச் சொல்லத் தெரிவது வேறு. எங்கள் மேஸ்திரி வாயே திறக்கமாட்டார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால் தலையில் ஒரு குட்டு விழும். இங்கே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பாடம்: மோட்டாரின் மூன்று காயிலையும் முதலில் ஸ்டார் என்கிற முறையில் இணைத்துக் கிளப்பி, வேகம் எடுத்ததும் டெல்டா என்கிற முறைக்கு மாற்றுவது. ஒரு ஜூலுப் பெண், பின் பெஞ்சிலிருந்து கையைத் தூக்கிக் கேட்டாள்: “சார், எப்படியும் டெல்டாவில்தான் ஓடப் போகிறது, பிறகு எதற்கு முதலில் ஸ்டார்?” பட்டறையில் எத்தனையோ ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறேன், யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஒரு சின்ன மோட்டாரை மேசையில் வைத்து, லைனில் அம்மீட்டர் போட்டு, நேரடியாக டெல்டாவில் ஒரு தடவை, ஸ்டாரில் ஒரு தடவை கிளப்பிக் காட்டினேன். ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் 400 வோல்ட்டுக்குப் பதில் 230-தான் போகும், லைனிலிருந்து இழுக்கிற கரண்ட் மூன்றில் ஒன்றாகிவிடும். முள் எங்கே போய் நிற்கிறது என்று அவர்களே பார்த்த பிறகு கணக்கைப் போட்டோம். சூத்திரத்தை முதலில் எழுதிப்போட்டிருந்தால் பாதி வகுப்பு தூங்கியிருக்கும். என் பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

2023-ல் கரண்ட் கட் உச்சத்தில் இருந்தபோது பாடம் நடத்துவதே பெரும்பாடு. ஒரே லாபம், இன்வெர்ட்டர் என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செம்புக்குத் திருட்டு பயம் உண்டு. அதனால் பயிற்சிக்கான வயர்த் துண்டுகளைக்கூட எண்ணிப் பூட்டிவைக்கிறேன்.

எனக்கு இன்னும் ஒத்துவராத விஷயம் ஃபைல். மெட்ரிக்கில், அதாவது இங்கே பன்னிரண்டாம் கிரேடில், செய்முறைப் பணிக்கு 25 சதவீதம், வருட மதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 50. அந்தச் செய்முறைப் பணியிலும் காகிதம் நிறைய. வயரைத் தளர்வாக முறுக்கிவிட்டு ஃபைலை அழகாகக் கட்டிக்கொண்டு வருகிறவனும் இருக்கிறான். நான் முதலில் ஸ்க்ரூவில் மாட்டிய வயரை இழுத்துப் பார்ப்பேன், அப்புறம்தான் ஃபைல். சக ஆசிரியை ஒருவர், பேத்தி எடுத்தவர், “தம்பி, மார்க்கைச் சரிபார்க்க வர்ற மாடரேட்டர் ஃபைலைத்தான் கேட்பார்” என்று மூதாதையர் விட்டுப்போன தமிழில் எச்சரிப்பார். அவர் சொல்வதும் சரிதான். கண்டிப்பாகக் கேட்பார்கள்.

அடுத்த ஜனவரியில் பதினொன்றாம் கிரேடுக்கு, பாடத்திட்டத்துக்கு வெளியே, சனிக்கிழமைகளில் வைண்டிங் கற்றுத்தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். எரிந்துபோன பம்பு மோட்டார்களைத் தருவதாகப் பழைய ஃபேக்டரி நண்பர் சொல்லிவிட்டார். எனாமல் கம்பிக்கு யார் காசு கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.