பாண் பைக் கிளிப்புகள்

டொரொண்டோவின் ஸ்காபரோவில் நான் முதலில் குடியிருந்தது ஒரு நிலக்கீழ் அறை. சின்னஞ்சிறு சன்னல், பனி பெய்தால் அதுவும் மூடிவிடும். 2014 நவம்பர். பகலில் கல்லூரி, மாலையில் பாண் தொழிற்சாலையில் பொதி செய்யும் வேலை. மாணவ விசாவுக்கு அப்போது வாரத்தில் 20 மணி நேரந்தான் அனுமதி. வந்து மூன்று மாதமாகியும் நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பஸ் இலக்கங்கள் மட்டுமே.

தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த முதல் துணை, எண்பதுகளில் சாவகச்சேரியிலிருந்து வந்த ஓர் அண்ணை. அறுபதை நெருங்கியவர். ஒரு நாள் இடைவேளையில், தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்கும் முன்பே, "டொனால்ட்சனை வாங்கிவிட்டார்கள், தம்பி" என்றார். யார், என்ன என்று தெரியாமல், "எவ்வளவு காசுக்கு?" என்று கேட்டேன்.

"காசுக்கில்லை. ஆட்களுக்கு."

மேலங்கிப் பையிலிருந்து பாண் பையின் வாயைப் பூட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்து மேசையில் பரப்பினார். பாண் சுட்ட நாளுக்கு ஒரு நிறம், மேலே திகதி. பேச்சு பேஸ்போல் பற்றியது: டொரொண்டோ அணியான புளூ ஜேய்ஸ் ஆட்களைக் கொடுத்து ஓர் ஆளை வாங்கியிருந்தது. ஒரு பக்கம் சிவப்பு ஒன்று: ஓக்லண்ட் அணியின் ஜோஷ் டொனால்ட்சன், பந்தை அரங்கின் கூரைக்கு அனுப்பக்கூடிய துடுப்பாட்டக்காரர். மறுபக்கம் நீலம் நான்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த, உள்ளூர்ச் சனங்களின் செல்லப்பிள்ளை பிரெட் லோரி. கிரேவ்மன், நோலின் என்று இரண்டு இளம் பந்துவீச்சாளர்கள். கடைசியாக பிராங்க்ளின் பரேட்டோ, வெனிசுவேலாக்காரன், வயது 18. கடைசிக் கிளிப்பிலிருந்து அண்ணை விரலை எடுக்கவேயில்லை. "இவனை நினைத்தால்தான் பயம். பத்து வருடத்தில் என்னவாக வருவானோ!"

எனக்கோ இது மாட்டுச் சந்தை போலப் பட்டது. சங்கக்காரவைக் கொடுத்து இன்னொரு நாட்டின் துடுப்பாட்டக்காரரை வாங்குவதை எங்கள் கிரிக்கெட்டில் நினைத்துப் பார்க்க முடியுமா? இங்கே பத்து ஆண்டுகள் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவருக்குத்தான் 'போகமாட்டேன்' என்று சொல்லும் உரிமை. ஒப்பந்தத்தில் அப்படித் தனியாக எழுதி வாங்கியவர்களும் உண்டு. மற்றவர்கள் தொலைபேசி மணி அடித்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பதினெட்டு வயதுப் பையனை யார் கேட்டார்கள்?

ஆனால் அன்றிரவு பஸ்ஸில் வரும்போது வேறொரு கணக்கு மனத்தில் ஓடியது. என் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா மீசாலையில் இருந்த தென்னங்காணியை விற்றிருந்தார். ஆண்டு தவறாமல் காய்த்த மரங்கள். அணிகள் நாற்றைக் கொடுத்து விளைந்த மரத்தை வாங்குகின்றன. அப்பா விளைந்த மரத்தைக் கொடுத்து நாற்றை வாங்கியிருக்கிறார். அந்த நாற்று பாண் பொதி செய்துகொண்டிருந்தது.

2015இல் டொனால்ட்சன் 41 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். 1993க்குப் பிறகு முதன்முறையாகப் புளூ ஜேய்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. பஸ் சாரதி முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லோரும் நீல நிறத்தில் திரிந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் ஸ்கோர் கேட்டார்கள். இந்த ஊரில் நானும் ஓர் ஆள் என்று தோன்றியது அப்போதுதான். கன்சஸ் சிட்டியிடம் தோற்றது வேறு கதை. கொடுத்த நால்வரில் கிரேவ்மன் மட்டும் ஓரளவு நிலைத்தார். அண்ணை பயந்த பரேட்டோ எழும்பவேயில்லை.

அதனால் 'இளையவர்களை அள்ளிக் கொடு, அடிப்பவனை வாங்கு' என்று நான் சொல்லமாட்டேன். 2012 டிசம்பரில் 38 வயதுப் பந்துவீச்சாளர் டிக்கிக்காக நியூயோர்க் மெட்ஸிடம் கொடுத்தவர்களில் ஒருவர் நோவா சின்டர்கார்ட். நாங்கள் தோற்று வீட்டிலிருந்த அதே 2015இல், ஆண்டின் இறுதித் தொடரான உலகத் தொடரில் ஓர் ஆட்டத்தில் பந்துவீசி வென்றார். அதே ஆண்டில் டேவிட் பிரைஸ் என்ற பந்துவீச்சாளருக்காக மூன்று இளம் பந்துவீச்சாளர்களைக் கொடுத்தோம். மூன்று மாதம் ஆடிவிட்டு அவர் பொஸ்டனுக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டால், எத்தனை நீலக் கிளிப்பு போகிறது என்பதல்ல, வருகிற சிவப்புக் கிளிப்பில் என்ன திகதி போட்டிருக்கிறது என்பதே கேள்வி. டொனால்ட்சனை 2018 வரை அணியால் வைத்திருக்க முடிந்தது.

திகதி மட்டும் போதாது என்பதையும் பார்த்துவிட்டேன். 2015 யூலையில் வந்த ஆட்டக்காரர் துலோவிட்ஸ்கிக்கு 2020 வரை ஒப்பந்தம். உடம்பு ஒத்துழைக்கவில்லை, 3.8 கோடி டொலர் பாக்கி இருக்கும்போதே 2018இல் விடுவித்தார்கள். அவருக்காகப் போனவர்களில் ஜெஃப் ஹொஃப்மன் என்ற இளம் பந்துவீச்சாளரும் ஒருவர். அந்தக் கிளிப்பையும் அண்ணை மேசையில் வைத்துக் காட்டித்தான் தள்ளினார்.

அதே யூலையில் 16 வயதில் ஒப்பந்தமான துடுப்பாட்டக்காரர் குரேரோ ஜூனியரை அணி விற்கவில்லை. 2025 உலகத் தொடர் வரை எங்களைக் கொண்டுபோனவர்களில் அவரே முதல் ஆள். அந்த ஆண்டை ஆக அடிமட்ட லீக்குகளில் ஒன்றில் தொடங்கிய பந்துவீச்சாளர் ட்ரே யெசாவேஜ், தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியான டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். இவர்களைக் கொடுத்து யாரை வாங்கியிருந்தாலும் எனக்கு வயிறு எரிந்திருக்கும்.

நவம்பர் 1, தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். என் வீட்டு வரவேற்பறையில் மகள் நித்திரையாகிவிட்டாள். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 முன்னிலை, வெற்றிக்கு இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்த பந்து இடப்பக்க வேலியைத் தாண்டியது. 4-4.

தொலைபேசி அடித்தது. அண்ணை, ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள்.

"தம்பி, பந்து போட்டவன், நாங்கள் அப்போது கொடுத்த பையன்தானே?"

"ஓம் அண்ணை. ஹொஃப்மன். இந்த வருடம் 3.3 கோடிக்குத் திரும்ப வாங்கினார்கள்."

மறுமுனையில் நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பதினோராவது இன்னிங்ஸ் முடியும்வரை இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை.