யோஷினோகாரி: குடிசைகளுக்கு அடியில் ஓர் ஊர்

ஜப்பானின் க்யூஷூ தீவில், சாகா மாகாணத்தில் இருக்கிறது யோஷினோகாரி வரலாற்றுப் பூங்கா. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய யாயோய் காலத்து (ஜப்பானில் நெல் விவசாயம் பரவிய காலம்) ஊர் ஒன்றை, அது இருந்த இடத்திலேயே மறுபடி கட்டி எழுப்பியிருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்காக ஒதுக்கிய நிலம் இது. 1986ல் அகழாய்வு தொடங்கியதும் அகழி, தாழி என்று வந்துகொண்டே இருக்க, தொழிற்பேட்டைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பூங்கா 2001ல் திறந்தது.

உள்ளே நுழைந்தால் கூர்மையாகச் சீவிய மர வேலி, ஆழமான அகழி, காவல் கோபுரங்கள். வீடுகளின் தரை மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கியது. குனிந்துதான் இறங்க வேண்டும். கூரை தரைவரை தாழ்ந்திருப்பதால் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. எனக்கு மிகவும் பிடித்தவை தானியக் களஞ்சியங்கள். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டி, ஒவ்வொரு தூணின் தலையிலும் அகலப் பலகை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஏறி வரும் எலி அதைத் தாண்ட முடியாது. நெல்லை நம்பி வாழ்ந்தவர்களின் கவலை அந்தப் பலகையில் அப்படியே தெரிகிறது.

சரி, இதெல்லாம் எப்படித் தெரியும்? மண்ணில் எஞ்சியவை பெரும்பாலும் தூண் நட்ட குழிகள்தான். தூண் எங்கே நின்றது, எவ்வளவு பருமன் என்பதைக் குழி சொல்லிவிடும். மேலே கூரை எப்படி இருந்தது என்பது ஊகம். அக்காலப் பானைகளிலும் வெண்கல மணிகளிலும் கீறிய கட்டடச் சித்திரங்கள் அதற்குத் துணை. அசல் குழிகளை மண் போட்டு மூடிப் பாதுகாத்து, அதற்கு மேல்தான் இப்போதைய கட்டடங்களை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த இடத்தின் மேல் பெரிய மரியாதை.

வடக்கிலுள்ள புதைமேடு மட்டும் வேறு. அங்கே அசல் தாழிகளையே பார்க்கலாம். இரண்டு பெரிய தாழிகளை வாயோடு வாய் சேர்த்து, உள்ளே உடலை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்த மேட்டில் கிடைத்த தாழிப் புதைப்புகள் 14. அவற்றில் ஒன்றில் நீலக் கண்ணாடிக் குழல்மணிகள் 79 இருந்தன. ஊரின் வேறு கல்லறைகளில் தலையில்லாத எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. அத்தனை அகழியும் வேலியும் எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போகிறவர்கள் முதலில் புதைமேட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் வீடுகளுக்கு வாருங்கள். பூங்கா மிகப் பெரியது. கடைசிக்கு வைத்தால் நேரம் போதாமல் அதுதான் விட்டுப்போகும்.